வாளியை உதைத்தால் ஆள் "காலி"!
இங்கிலீஷ் படுத்தும் பாடு. அரை மார்க்கில் போகும் சர்க்கார் வேலை

கடலாடி,

"அவர் வாளியை உதைத்து விட்டார்" என்று இங்கிலீஷில் ஒரு வாக்கியம். அதைப் படித்து விட்டு, "ஐயோ, தண்ணீர் கொட்டிப் போச்சா?" என்று கேட்டால் ஆபத்து!

ஏன் தெரியுமா? ஆள் செத்துப் போனார் என்று அர்த்தம். "மண்டையைப் போட்டார்" என்று நம் ஊரில் சொல்கிறோமே, அதைத்தான் வெள்ளைக்காரன் "கிக் தி பக்கெட்" என்கிறான்.

இது வெறும் தமாஷ் அல்ல. பிழைப்பு சம்பந்தப்பட்ட விஷயம்.

மத்திய அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் "ஸ்டாப் செலக்‌ஷன் கமிஷன்" பட்டதாரிகளுக்குப் பரீட்சை வைக்கிறது. முதல் கட்டத்தில் இங்கிலீஷுக்கு மட்டும் 25 கேள்வி, 50 மார்க். இந்த மாதிரி மரபுத்தொடர்களும் அதில் வருவது வழக்கம். சரியாகப் போட்டால் 2 மார்க். தப்பாகப் போட்டால் அரை மார்க் "கட்"!

கடலாடி, சாயல்குடி பக்கம் தமிழில் படித்து வந்த பிள்ளைகள், இங்கிலீஷ் மீடியத்தில் படித்த பட்டணத்துப் பிள்ளைகளோடு இதில் மோத வேண்டியிருக்கிறது. அரை மார்க்கில் வரிசை தள்ளிப் போகும் பரீட்சை இது.

எத்தனை கம்பி?

வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் பார்ப்பதுதான் கோளாறு.

"திருடன் கம்பி எண்ணுகிறான்" என்று பேப்பரில் வந்தால், "எத்தனை கம்பி?" என்று யாராவது கேட்பதுண்டா? "கடன் வாங்கியவன் கம்பி நீட்டி விட்டான்" என்றால், அது எவ்வளவு நீளம் என்று யாரும் அளந்து பார்ப்பதில்லை. முதல் கம்பி ஜெயில். இரண்டாவது கம்பி ஓட்டம். தமிழ் படிக்க வந்த வெள்ளைக்காரன் இந்த இடத்தில் திருதிரு என்று முழிப்பான்!

போலீஸ் செய்தியில் "கையும் களவுமாகப் பிடிபட்டார்" என்று வருகிறது. இங்கிலீஷில் அது "ரெட் ஹேண்டட்", அதாவது சிவந்த கையோடு. ஸ்காட்லாந்தின் பழைய சட்டத்தில் பிறந்த பேச்சு. கொலைகாரன் கையில் ரத்தம் காய்வதற்குள் பிடிபடுவதுதான் அது.

(நம் லஞ்ச ஒழிப்பு போலீசார் பவுடர் தடவிய நோட்டைக் கொடுத்து ஆளைப் பிடிக்கிறார்கள். நோட்டு வாங்கிய கையைக் கரைசலில் முக்கினால் நிஜமாகவே இளஞ்சிவப்பு நிறம் வருகிறது!)

காற்றில் மூன்று "ஷீட்"

இங்கிலீஷ் தொடர்களில் பல, கப்பலில் பிறந்தவை. மூக்கையூர், வாலிநோக்கம் கரையில் வளர்ந்தவர்களுக்கு இது பாதி தெரிந்த சங்கதி.

"கயிறு தெரிந்தவன்" என்றால், தொழிலின் நெளிவு சுளிவு தெரிந்தவன். பாய்மரக் கப்பலில் எந்தக் கயிறு எதற்கு என்று தெரியாதவன் வேலைக்கு ஆக மாட்டான்.

"மூன்று ஷீட்டும் காற்றில்" என்று ஒன்று. ஷீட் என்றால் துணி, பேப்பர் என்று நினைத்து ஏமாறக் கூடாது. பாயின் மூலையை இழுத்துப் பிடிக்கும் கயிற்றுக்குக் கப்பலில் அந்தப் பெயர். மூன்றும் அவிழ்ந்தால் பாய் படபடக்கும், கப்பல் தள்ளாடும். ஆசாமி "தண்ணி"யில் இருக்கிறார் என்று அர்த்தம்!

"படகைத் தவற விட்டான்" என்றால், வாய்ப்பைக் கோட்டை விட்டான். தனுஷ்கோடியில் ஒரு காலத்தில் அது நிஜமாகவே நடக்கக் கூடிய காரியம். 1914-ல் இருந்து "போட் மெயில்" ரெயிலில் வந்தவர்கள் அங்கேதான் தலைமன்னார் கப்பல் ஏறினார்கள். 1964 டிசம்பர் புயலில் ஊரே போய் விட்டது.

குழம்பித் தவிப்பவனை "கடலில் இருக்கிறான்" என்பார்கள். நாம் "கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல" என்கிறோம். அவன் தொலைவது கடலில். நாம் தொலைவது காட்டில். நம் மீனவர்கள் கடலில் முழிப்பதில்லை. ஆபீசில் பாரத்தை நீட்டினால்தான் முழிக்கிறார்கள்!

உப்பு வழுக்கும்

வாலிநோக்கத்தில் அரசு உப்புக் கழகத்தின் உப்பளம் இருக்கிறது. உப்பு என்றால் நமக்கு நன்றி, விசுவாசம். ஆனால் "ஒரு சிட்டிகை உப்போடு எடுத்துக்கொள்" என்று இங்கிலீஷில் வந்தால், "முழுசா நம்பாதே" என்று அர்த்தம். விசுவாசத்துக்கு "டிக்" அடித்தால் அரை மார்க் போச்சு!

பட்டியலை உருப்போடுவதை விட, ஒவ்வொன்றுக்கும் ஒரு தமிழ்ப் பேச்சைத் தேடி ஜோடி சேர்ப்பது மேல். "மண்டையைப் போட்டார்" தெரிந்தவனுக்கு வாளி மறக்காது. முதலைக் கண்ணீர், சிவப்பு நாடா எல்லாம் அங்கிருந்து வந்து தமிழாகவே ஆகி விட்டவை. சிவப்பு நாடா என்றால் என்ன என்று தாலுகா ஆபீசுக்கு நடந்தவர்களிடம் விளக்க வேண்டுமா, என்ன?

வெள்ளைக்காரனும் சும்மா இல்லை. நம் கட்டுமரத்தை வாங்கிப் போய் "கேட்டமரான்" ஆக்கினான். இன்று அந்தப் பெயரில் ஓடுவது, இரண்டு அடிப்பாகம் கொண்ட சொகுசுப் படகு. அதுகூடப் பரவாயில்லை. 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒரு பெண்ணைக் "கிழட்டு கேட்டமரான்" என்று சொன்னால், வாய் ஓயாத சண்டைக்காரி என்று அர்த்தம்.

நம் கட்டுமரம் என்ன பாவம் செய்ததோ!