விடுதி அக்காக்கள்: துணையா, தொல்லையா?

சின்னாளப்பட்டியில் சுங்குடிப் புடவை எடுக்கப் போன கடையில் ஒரு தாயார் புலம்பினார்: "பொண்ணுக்குக் கோயமுத்தூர் காலேஜில இடம் கிடைச்சிருக்கு. ஹாஸ்டல்ல சீனியருங்க பாடாய்ப் படுத்துவாங்களாமே?"

நியாயமான பயம்தான். 1996-ல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் பொன் நாவரசு சீனியர் ஒருவரால் கொல்லப்பட்டார். அதன் பிறகே, 1997-ல், தமிழ்நாட்டில் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

அதற்காக விடுதியே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? காய்ச்சலென்றால் கஞ்சி வாங்கி வருவதும், பழைய நோட்டுகளைத் தருவதும், வீட்டு நினைவில் அழுபவளைத் தேற்றுவதும் அதே சீனியர் அக்காக்கள்தானே!

எப்படிப் பிரித்தறிவது? "என் ரெக்கார்டை எழுதிக் கொடு, வீட்டில் சொல்லாதே" என்றால் அது சிநேகிதம் அல்ல, அதிகாரம்.

முதல் சில மாதங்கள் தினமும் பேசுங்கள். "சாப்பிட்டியா?" என்பதோடு நிறுத்தாமல், "யாரோடு சாப்பிட்டே?" என்றும் கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் நேரில் போய் வார்டனைப் பாருங்கள். 1800-180-5522 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் புகார் செய்யலாம்.

"எது நடந்தாலும் சொல்லும்மா, திட்ட மாட்டேன்" என்று சொல்லி அனுப்புங்கள். பெட்டியில் வைக்கும் முறுக்கைவிட அதுதான் அவளுக்கு முக்கியம்.