மூலக்கோப்பும் மென்பொருளும்

ஜொகூர் பாருவிலுள்ள அருள்மிகு இராஜகாளியம்மன் கண்ணாடி ஆலயத்தில் ஏறத்தாழ 300,000 கண்ணாடித் துண்டுகள் பதிக்கப்பட்டுள்ளன. சுவரும் தூணும் கூரையும் ஒளியை மாறி மாறிப் பிரதிபலிக்கும். சரவிளக்குகளின் மஞ்சள் ஒளியோடு வாசல்வழி நுழையும் பகலொளியும் கலந்துவிடும். கண்ணுக்கு விருந்தான இக்காட்சி படக்கருவிக்குப் பெருஞ்சோதனை. எடுத்த படத்தில் ஒரு பக்கம் வெளுத்திருக்கும். மறுபக்கம் இருண்டு கிடக்கும்.

இத்தகைய படங்களை ஓரளவு சீர்செய்யலாம். ஆனால், படம் எந்தக் கோப்பாகச் சேமிக்கப்பட்டது என்பது முக்கியம். 'ஜேபெக்' கோப்பில் நிறத்தையும் ஒளியையும் கருவியே முடிவுசெய்து, எஞ்சிய தரவுகளை நீக்கிவிடுகிறது. 'ரா' எனப்படும் மூலக்கோப்பில், உணரி பதிவுசெய்த தரவுகள் அப்படியே இருக்கும். ஜேபெக் ஆக்கிய சோறு என்றால், மூலக்கோப்பு அரிசி. ஜேபெக்கில் ஒவ்வொரு முதன்மை நிறத்திற்கும் 256 ஒளிநிலைகளே உண்டு. 14 பிட் மூலக்கோப்பிலோ 16,384 ஒளிநிலைகள் வரை இருக்கலாம். அதனால்தான் இருண்ட தூணின் வேலைப்பாட்டை மீட்க முடிகிறது. முற்றிலும் வெளுத்துப்போன இடத்தை மட்டும் எந்த மென்பொருளாலும் மீட்க இயலாது. அங்குத் தரவே இல்லை.

மூலக்கோப்பைத் திறக்கத் தனி மென்பொருள் தேவை. பெரும்பாலான நிறுவனங்கள் தமக்கென ஒரு கோப்பு வடிவத்தை வைத்திருப்பதுதான் இதிலுள்ள சிக்கல். கேனன் நிறுவனம் 2018-இல் 'சிஆர்3' எனும் புதிய வடிவத்தை அறிமுகப்படுத்தியபோது, பழைய மென்பொருள்களால் அதைத் திறக்க முடியவில்லை. ஆகவே, தன் கருவியின் கோப்பை மென்பொருள் திறக்குமா என்பதையே ஒருவர் முதலில் பார்க்க வேண்டும். கவர்ச்சியான வடிப்பான்கள் எத்தனை உள்ளன என்பது பிறகுதான்.

அடுத்தது விலை. அடோபியின் லைட்ரூம் சந்தா கட்டிப் பயன்படுத்துவது. சந்தா நின்றால் மூலக்கோப்புகள் கணினியில் இருக்கும். திருத்தும் வசதி நின்றுவிடும். டார்க்டேபிள், ராதெரப்பி ஆகியவை இலவசமானவை. அவற்றைக் கற்கப் பொறுமை வேண்டும். கேனன், நிக்கான் நிறுவனங்கள் தங்கள் கருவிகளுக்கென்றே இலவச மென்பொருள் வழங்குகின்றன. பலர் கவனிக்காமல் விடும் இவை, பள்ளி நிழற்படக் கழகத்திற்கு நல்ல தொடக்கம்.

இவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. இம்மென்பொருள்கள் மூலக்கோப்பை மாற்றுவதில்லை. திருத்தங்களைக் கட்டளைகளாகத் தனியே குறித்து வைக்கின்றன. ஒரு மென்பொருளின் கட்டளைகளை மற்றொன்று பெரும்பாலும் முழுமையாகப் புரிந்துகொள்வதில்லை. ஆப்பிள் நிறுவனம் 2005-இல் வெளியிட்ட அபெர்ச்சர் மென்பொருளின் மேம்பாட்டை நிறுத்துவதாக 2014-இல் அறிவித்தது. 2019-இல் வந்த மெக் இயங்குதளத்தில் அது இயங்கவேயில்லை. பயனர்களின் மூலப்படங்கள் தப்பின. ஆனால், அவர்கள் செய்த திருத்தங்களை அப்படியே வேறு மென்பொருளுக்குக் கொண்டுசெல்ல வழியில்லை. திருத்திய படத்தை 'டிஃப்' போன்ற பொது வடிவத்திலும் சேமித்து வைத்தவர்களுக்கு இந்தக் கவலை குறைவு.

மென்பொருளைச் சோதிக்க எளிதான படம் உதவாது. ஆலயத்தில் அனுமதி பெற்று, சரவிளக்கின் கீழே வெள்ளை வேட்டியும் பொன்னிற வேலைப்பாடும் சேர்ந்து தெரியுமாறு ஒரு படம் எடுக்கலாம். அதை இரண்டு மென்பொருள்களில் திறந்து, வேட்டியின் மஞ்சள் சாயலை நீக்கிப் பார்க்க வேண்டும். வேட்டி வெளுத்த பின்னும் பொன் பொன்னாகவே தெரிகிறதா என்பதில் இரண்டுக்குமுள்ள வேறுபாடு புலப்படும்.