பால்பல்லும் பல்தான்
ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு தோல் ஷாப்பிலும் ஷூ கம்பெனியிலும் தினக்கூலிக்குப் போகிறவர்கள், பிள்ளையின் பல்லைக் காட்ட ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். அதனால் தள்ளிப்போடுகிறார்கள்; சொத்தை முற்றுகிறது. வசதி குறைந்த இடத்தில்தான் பல்வலி அதிகம். இது அநியாயம்!

‘விழப்போகிற பல்தானே’ என்று விடாதீர்கள். கடைவாய்ப் பால்பல் பத்து வயதுக்கு மேலும் இருக்க வேண்டியது. குழந்தையின் மேலுதட்டைத் தூக்கிப் பாருங்கள். ஈறோரம் சுண்ணாம்புக் கோடு போல வெண்மை தெரிந்தால், அது சொத்தையின் தொடக்கம்.

2013-இல் மத்திய அரசு தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில், அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழு பல்லையும் பார்க்கும். மேல்சிகிச்சையும் இலவசம். கேட்டுப் பெறுங்கள், அது உங்கள் பிள்ளையின் உரிமை!