அதட்டும் குரலுக்குப் பின்னால்

கிளினிக் அட்டையை நீட்டியதும், “போன மாதம் ஏன் வரல்ல?” என்று ஓர் அதட்டல். பதில் சொல்ல வாயெடுக்குமுன் அடுத்தவரின் பெயர் கூப்பிடப்படுகிறது. வயலை விட்டு வந்து, வேறோர் ஊரில் கூலிக்குப் போகும் தாய்க்கு அந்த ஒரு சொல்லே போதும். அடுத்த மாதமும் அவள் போகமாட்டாள். பிரஷர் குளிசை நின்றுவிடும், அல்லது பிள்ளையின் தடுப்பூசி பிந்திவிடும். எனவே இதை வெறும் மரியாதைப் பிரச்சினையாக எண்ணி விட்டுவிட முடியாது.

அதட்டியவர் கல்நெஞ்சக்காரர் என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். சிலர் அப்படியும் இருக்கக்கூடும். ஆனால் பலரிடத்தில் நாம் காண்பது பணிச்சோர்வு என்ற நிலையையே. 1974இல் ஹேர்பேர்ட் ஃபிராய்டன்பேர்கர் என்ற உளவியலாளர் இதைப்பற்றி எழுதினார். நியூயோர்க்கில் ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையமொன்றில் உழைத்தவர்களிடம் அவர் கண்டது இது. ஆர்வத்தோடு வந்து, தம்மை முழுதாகக் கொடுத்தவர்களே முதலில் எரிந்து தீர்ந்துபோனார்கள் என்பதுதான் கவனிக்கவேண்டியது. சோம்பேறிக்கு இந்தச் சோர்வு வருவது குறைவு!

உலக சுகாதார நிறுவனம் 2019இல் இதற்கு மூன்று அடையாளங்களைக் கூறியது: சக்தி முற்றாக வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகி வெறுப்படைதல், தான் செய்வதால் பயனில்லை என்ற எண்ணம். இதனை அந்நிறுவனம் ஒரு நோயாக வகைப்படுத்தவில்லை. சமாளிக்கப்படாத வேலை நெருக்கடியின் விளைவு என்றே கூறுகிறது. ஆகவே வைத்தியம் பார்க்கவேண்டியது ஆளுக்கு மட்டுமல்ல, வேலை நடக்கும் முறைக்கும்தான்.

எமது பகுதியையே எடுத்துக்கொள்வோம். ஒரு குடும்பநல மருத்துவமாதுவுக்குச் சுமார் 3,000 பேர் என்பது பொதுவான கணக்கு. கர்ப்பிணி வீடுகளுக்குப் போவதும், பச்சைக் குழந்தையைப் பார்ப்பதும், பிள்ளைகளை நிறுத்துப் பதிவதும் அவர் பொறுப்பு. ஒரு பாடசாலையில் அகதி முகாம் திறக்கப்பட்டால் அவருடைய பிரிவில் மக்கள் தொகை ஒரே இரவில் பெருகிவிடும், மருத்துவமாதுவோ ஒருவர்தான். 1990இல் வீரமுனை மக்கள் ஊரைவிட்டு முகாம்களில் தங்கிய காலத்தை அனுபவித்தவர்களுக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

2004 டிசம்பர் 26ஆம் திகதி வந்த கடல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரைக் கொண்டுபோனது. கல்முனை, மருதமுனை, சாய்ந்தமருது, காரைதீவு என்று கரையோரம் முழுவதும் தமிழர், முஸ்லிம்கள் என்ற வேறுபாடின்றி இழப்பு. காயத்துக்கு மருந்து கட்டியவர்களும் இதே ஊர்களில் குடியிருந்தவர்கள்தான். தன் வீட்டுத் துக்கத்தை அடக்கிக்கொண்டு பிறர் துக்கத்தைக் கேட்பது இரட்டைச் சுமை. 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடி வேறு விதமாகத் தாக்கியது. மருந்து தட்டுப்பட்டது, வேலைக்கு வரப் பெற்றோல் இல்லை, வைத்தியர்கள் பலர் வெளிநாடு போனார்கள். மிஞ்சியவர்கள் போனவர்களின் வேலையையும் சுமந்தார்கள். கையில் மருந்தில்லாமல், “வெளியில வாங்குங்க” என்று நாள் முழுதும் சொல்லவேண்டிய தாதியின் மனம் எப்படியிருக்கும்?

அதற்காக அதட்டலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவரவில்லை. முறையிடும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் முறைப்பாடு ஆளைப்பற்றி மட்டும் இருந்தால், அவர் இடமாற்றப்படுவார். புதிதாக வருபவரும் ஆறு மாதத்தில் அதே குரலில் பேசுவார். உங்கள் பிரிவில் இப்போது எத்தனை குடும்பங்கள், அதில் இடம்பெயர்ந்து வந்தவை எத்தனை என்பதைக் கிராம உத்தியோகத்தரிடம் உறுதிப்படுத்தி, சுகாதார வைத்திய அதிகாரிக்கு எழுதுங்கள். கல்முனையிலுள்ள பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் ஒரு பிரதி அனுப்பலாம். ஆளணி கேட்பதற்கு அந்தக் கணக்கு அதிகாரிகளுக்கும் உதவும்.

எமது சங்கங்களின் சுகாதாரத் தொண்டர்களையும் மறந்துவிடக்கூடாது. இடம்பெயர்ந்த குடும்பத்துப் பிள்ளையே தொண்டராக இருக்கும்போது, இரவு பன்னிரண்டு மணிக்கும் அவள் கதவைத்தான் தட்டுகிறோம். ஒரே பிள்ளையை வருடக்கணக்கில் ஓடவிடாமல் இருவராகப் பிரித்து, முறை வைத்து அனுப்புங்கள். மருத்துவமாது லீவில் நிற்கும் கிழமையில் யார் வருவார் என்று முன்கூட்டியே கேட்டு, கிளினிக் அட்டையின் பின்புறத்தில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.