தவறி வந்த பணம் யாருக்குச் சொந்தம்?

சிவாஜி நகர் மார்க்கெட்டில் கடைக்காரர் 50 ரூபாய் மீதி தருவதற்குப் பதில் 500 ரூபாய் நோட்டைக் கொடுத்துவிட்டால், பெரும்பாலோர் திரும்பிப் போய்க் கொடுத்துவிடுவார்கள். கடைக்காரரின் முகம் தெரியும். நாளைக்கும் அதே கடைக்குத்தான் போக வேண்டும்!

ஆனால், இன்று பணம் முகம் காட்டி வருவதில்லை. செல்போன் எண்ணில் ஓர் இலக்கம் மாறினால் போதும். அல்சூரில் இருப்பவர் அனுப்பிய பணம் எங்கோ முன்பின் தெரியாத ஒருவருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"நானா கேட்டேன்? அவராக அனுப்பினார். எனக்கு வந்தது என்னுடையது" என்று வாதிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இந்த வாதம் செல்லுமா? செல்லாது.

பழைய சட்டம்

1872-ம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு, தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும் என்கிறது. அதற்கு அந்தச் சட்டமே ஓர் உதாரணமும் தருகிறது. இரண்டு பேர் சேர்ந்து ஒருவரிடம் 100 ரூபாய் கடன்பட்டிருக்கிறார்கள். ஒருவர் கடனை அடைத்துவிடுகிறார். அது தெரியாமல் மற்றவரும் போய் 100 ரூபாய் கொடுக்கிறார். வாங்கியவர் அந்த இரண்டாவது நூறைத் திருப்பித் தர வேண்டும்.

நூறு ரூபாய்க்கு எழுதிய சட்டம்தான் கோடிகளுக்கும்!

கோடிக் குளறுபடி

2023 செப்டம்பரில் சென்னை வாடகைக் கார் டிரைவர் ஒருவரின் கணக்கில் 9 ஆயிரம் கோடி ரூபாய் வந்து விழுந்தது. யாரோ ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்த அவர், சோதித்துப் பார்க்க நண்பருக்கு 21 ஆயிரம் அனுப்பினார். போய்விட்டது! சிறிது நேரத்தில் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி மீதிப் பணத்தை எடுத்துக்கொண்டது.

அதே ஆண்டு நவம்பரில் யூகோ வங்கியில் நடந்தது வேறு மாதிரி. நான்கே நாட்களில், 41 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கணக்குகளில் சுமார் 820 கோடி ரூபாய் தவறாக வரவு வைக்கப்பட்டது. அனுப்பியவர்களின் கணக்கிலோ ஒரு காசும் குறையவில்லை. வங்கி சில நாட்களில் 649 கோடியை மீட்டது. ஆனால், வந்த பணத்தை அவசரமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். சி.பி.ஐ. வழக்குப் பதிவு செய்து, நம் மங்களூர் வரை வந்து சோதனை நடத்தியது.

பீகாரில் 2021-ல் ஒருவர், வங்கி தவறாகப் போட்ட ஐந்தரை லட்சத்தைச் செலவழித்துவிட்டார். "பிரதமர் தருவதாகச் சொன்ன பணத்தில் முதல் தவணை என்று நினைத்தேன்" என்றார். போலீசார் நம்பவில்லை. கைது செய்தார்கள்.

பிறர் பணம் என்று தெரிந்தும் நேர்மையின்றிக் கையாடினால் இன்று பாரதிய நியாய சன்ஹிதா 314-வது பிரிவு பாயும். 6 மாதத்துக்குக் குறையாமல் 2 ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு.

உஷார்!

அதற்காக, "அண்ணா, தெரியாமல் உங்களுக்கு 5 ஆயிரம் அனுப்பிவிட்டேன், இந்த எண்ணுக்கு அனுப்பிவிடுங்கள்" என்று யாராவது அழுதால் உடனே அனுப்பிவிடாதீர்கள். வந்தது வெறும் போலிக் குறுஞ்செய்தியாக இருக்கலாம். பணமே வந்திருந்தாலும், அது வேறொருவரிடம் திருடியதாக இருந்தால் உங்கள் கணக்கு முடக்கப்படலாம். முதலில் கணக்கில் இருப்பைப் பாருங்கள். பணம் வந்திருந்தால் வங்கிக்கு எழுதிக் கொடுத்து, வந்த வழியே திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். மோசடி என்று தோன்றினால் 1930-க்குப் போன் செய்யுங்கள்.

திருப்ப வேண்டாத பணம்

இன்னொரு பக்கமும் உண்டு. அரசு அலுவலகம் கணக்கைத் தப்பாகப் போட்டு, கடைநிலை ஊழியருக்குப் பல ஆண்டுகள் சம்பளத்தைக் கூட்டிக் கொடுக்கிறது. அவருக்கு அது தெரியாது. அரிசிக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் செலவாகிவிட்டது. ஓய்வு பெறும் நேரத்தில், "லட்ச ரூபாயைத் திருப்பிக் கட்டு" என்றால் எங்கே போவார்?

இப்படிப்பட்டவர்களைத்தான் உச்ச நீதிமன்றம் 2014 டிசம்பரில் பஞ்சாப் வழக்கொன்றில் காப்பாற்றியது. மூன்றாம், நான்காம் பிரிவு ஊழியர்கள், ஓய்வு பெற்றவர்கள், ஓராண்டுக்குள் ஓய்வு பெறப் போகிறவர்கள் ஆகியோரிடம் அப்படி வசூலிக்கக் கூடாது என்றது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் கூடுதலாகக் கொடுத்துவந்த பணத்துக்கும் அதே விதிதான். ஊழியர் ஏமாற்றி வாங்கியிருந்தால் இந்தச் சலுகை கிடைக்காது.

தீர்ப்பைச் சரியென்றே சொல்ல வேண்டும். தவறு செய்தது அலுவலகம். அறியாமல் சாப்பிட்டுவிட்டவனிடம் போய்ச் சோற்றைக் கக்கச் சொல்ல முடியுமா?

ஆனால், ஒன்று. "கூடுதலாகக் கொடுத்திருந்தால் திருப்பித் தருகிறேன்" என்று சம்பள உயர்வின்போது உறுதிமொழி எழுதிக் கொடுத்தவரிடம், ஓய்வுக்குப் பிறகும் வசூலிக்கலாம் என்று 2016 ஜூலையில் இன்னொரு தீர்ப்பு வந்திருக்கிறது. அலுவலகத்தில் நீட்டும் காகிதங்களில் இந்த உறுதிமொழியும் இருக்கலாம். படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.