உங்கள் படுக்கையருகே நிற்கும் மாணவர்

சென்ற மாதம் எங்கள் கருத்துப் பெட்டியில் ஒரு கடிதம் இருந்தது. பொது மருத்துவப் பிரிவில் சேர்க்கப்பட்டிருந்த முதியவர் ஒருவரின் மகள் எழுதியது. "ஒரே காலையில் ஆறு மாணவர்கள் என் தந்தையின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்கள். ஒருவரும் தம் பெயரைக் கூறவில்லை. வலிக்கிறதா என்று கேட்டார்களே தவிர, பார்க்கலாமா என்று எவரும் கேட்கவில்லை" என அவர் குறிப்பிட்டிருந்தார்.

அவர் கூறிய குறை நியாயமானது. அக்குடும்பத்தாரை நேரில் கண்டு எங்கள் வருத்தத்தைத் தெரிவித்தோம். எனினும் அத்துடன் நிறுத்திவிட எங்களுக்கு மனமில்லை. மாணவர்கள் ஏன் உங்களிடம் வருகிறார்கள், வருமுன் எவ்வகைப் பயிற்சி பெறுகிறார்கள், அவர்களிடம் நீங்கள் எதை எதிர்பார்க்கலாம், எதை மறுக்கலாம் என்பவற்றை இவ்விதழில் விளக்க விரும்புகிறோம்.

காலை ரவுண்ட்ஸில் பேராசிரியரின் பின்னே வெள்ளை அங்கியுடன் வருவோர் அனைவரும் ஒரே நிலையில் உள்ளவர்கள் அல்லர். எம்.பி.பி.எஸ். மாணவர்கள் நான்கரை ஆண்டுகள் பயில்கின்றனர். அதன்பின் ஓராண்டு கட்டாயப் பயிற்சி மருத்துவர்களாகப் பணியாற்றுகின்றனர். ஹவுஸ் சர்ஜன் என்று நீங்கள் அழைப்பது இவர்களையே. பட்டம் பெற்றபின் ஒரு துறையில் சிறப்புப் பயிற்சி பெறும் முதுகலை மருத்துவர்களும் அக்கூட்டத்தில் இருப்பர். இவர்களன்றிச் செவிலிய மாணவியரும் பிசியோதெரபி மாணவர்களும் வார்டுக்கு வருகின்றனர்.

"ஒன்றைப் பார், ஒன்றைச் செய், ஒன்றைக் கற்றுக்கொடு" என்பது மருத்துவக் கல்வியில் பல நாடுகளில் வழங்கிவந்த பழைய வாசகம். எங்களுள் மூத்தவர்கள் அவ்வாறு கற்றவர்களே. அவர்கள் முதன்முதலாக ஊசி ஏற்றிய கை ஒரு நோயாளியின் கையாகவே இருந்தது. இரத்தக்குழாய் அகப்படாமல் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் குத்தியபோது பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டவர்கள், பெரும்பாலும் மறுத்துப் பேசத் துணியாத எளிய மக்கள். அவர்களிடம் கற்றதை வைத்தே இன்று மருத்துவம் பார்க்கிறோம் என்பதை நாங்கள் மறைக்க விரும்பவில்லை.

இந்தியாவில் இம்முறையை மாற்ற வழிசெய்த புதிய எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம் 2019 ஆம் ஆண்டு சேர்ந்த மாணவர்களிடமிருந்து நடைமுறைக்கு வந்தது. அன்றைய இந்திய மருத்துவ கவுன்சில் வகுத்த அத்திட்டத்தை, 2020 செப்டம்பரில் அதன் இடத்திற்கு வந்த தேசிய மருத்துவ ஆணையம் தொடர்ந்து நடத்துகிறது. திறன் அடிப்படையிலான மருத்துவக் கல்வி என்று இதற்குப் பெயர். மாணவர் எத்தனை மாதம் ஒரு பிரிவில் இருந்தார் என்பதைக் காட்டிலும், அங்கு எதைப் பிழையின்றிச் செய்யக் கற்றார் என்பதையே இது முதன்மையாகக் கருதுகிறது. இதன் அடிப்படையில் உள்ள படிநிலைகளை அமெரிக்கக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990 இல் ஒரு கூம்பாக வரைந்து காட்டினார். ஒன்றை அறிந்திருப்பது அடிப்படி. அதை எவ்வாறு செய்வதென அறிவது அடுத்த படி. ஆசிரியர் முன் செய்து காட்டுவது மூன்றாம் படி. உண்மையான பணியில் செய்வது உச்சிப் படி. மாணவர் ஒவ்வொருவரிடமும் ஒரு பதிவேடு உண்டு. குறிப்பிட்ட செயலை அவர் தக்கவாறு செய்தார் என ஆசிரியர் அதில் ஒப்பமிட வேண்டும்.

இன்று மாணவர் முதலில் ஊசி குத்துவது ரப்பர் கை ஒன்றில். கல்லூரிகளில் இப்போது கட்டாயமாக்கப்பட்டுள்ள திறன் பயிற்சிக்கூடத்தில் அத்தகைய கைகளும், சிறுநீர்க் குழாய் செருகப் பழகும் மாதிரி உறுப்புகளும், மகப்பேற்றுப் பயிற்சிக்கான பொம்மைகளும் வைக்கப்பட்டிருக்கும். ரப்பர் கையினுள் செந்நிற நீர் ஓடும். ஊசி சரியான இடத்தை அடைந்தால் அந்நீர் ஏறிவரும். இதய இயக்க மீட்புப் பயிற்சிக்கான பொம்மையின் மார்பை நிமிடத்திற்கு 100 முதல் 120 முறை, ஐந்து முதல் ஆறு சென்டிமீட்டர் ஆழத்திற்கு அழுத்த வேண்டும். அளவு குறைந்தால் சில பொம்மைகள் விளக்கெரித்துக் காட்டிக்கொடுத்துவிடும். இவ்வகைப் பொம்மைகளுள் புகழ்பெற்றதை 1960 இல் உருவாக்கியவர் நார்வே நாட்டின் பொம்மை உற்பத்தியாளர் அஸ்முண்ட் லேர்டால். பாரிஸ் நகரின் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத இளம்பெண் ஒருத்தியின் முகவார்ப்பைக் கொண்டு அவர் அப்பொம்மைக்கு முகம் அமைத்தார். எங்கள் மாணவர்கள் ஆண்டுதோறும் மூச்சளித்து உயிர்ப்பிக்க முயலும் முகம் அவளுடையது.

ஆயினும் பொம்மைக்கு அச்சமில்லை, கூச்சமில்லை. எழுபது வயதைக் கடந்தவரின் மெல்லிய தோலுக்கடியில் இரத்தக்குழாய் நழுவி ஓடுவதை ரப்பர் கை கற்பிக்காது. பொம்மையிடம் தேர்ந்தவர் என்பது, மேற்பார்வையின்கீழ் நோயாளியிடம் செல்லத் தகுதி பெற்றவர் என்று மட்டுமே பொருள்படும்.

பேசக் கற்பதற்கு வேறு வழி கண்டாக வேண்டியிருந்தது. 1963 இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நரம்பியல் மருத்துவர் ஹோவர்ட் பாரோஸ், உடல்நலமுள்ள பெண் ஒருவரைக் கால்கள் செயலிழந்த நோயாளியாக நடிக்கப் பழக்கி மாணவர் முன் அமர்த்தினார். சக மருத்துவர்கள் சிலர் அதை நாடகக் கூத்தென்று எண்ணினர். இன்றோ நடிக்கும் நோயாளிகள் உலகெங்கும் மருத்துவக் கல்வியின் அங்கமாகிவிட்டனர். 1975 இல் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் ரொனால்ட் ஹார்டன் விவரித்த நிலையத் தேர்வும் அவ்வாறே பரவியது. அதில் மாணவர்கள் மணியடிக்க மணியடிக்க நிலையம் விட்டு நிலையம் நகர்வர். ஒவ்வோரிடத்திலும் சில நிமிடங்களே கிடைக்கும். வணக்கம் கூறினாரா, தம் பெயரைச் சொன்னாரா, தொடுமுன் அனுமதி கேட்டாரா, திரையை இழுத்துவிட்டாரா என்பனவற்றிற்கும் அங்கு மதிப்பெண் உண்டு. அந்தக் கடிதத்தைப் படித்தபோது எங்களை உறுத்தியது இதுவே. தேர்வறையில் தவறாமல் கேட்கும் கேள்வியை மாணவர்கள் வார்டில் மறந்திருக்கிறார்கள். உடன் நின்ற நாங்களும் நினைவூட்டவில்லை.

நோயின் மொழி என்று ஒன்று உண்டு. அதை உங்களைத் தவிர வேறெவரும் கற்பிக்க இயலாது. பாடநூல்கள் ஆங்கிலத்தில் உள்ளன. ஆனால் நீங்கள் வலியைக் கூறும்போது குத்துகிறது, குடைகிறது, கடுக்கிறது, பிசைகிறது, சுண்டி இழுக்கிறது, விண்விண் என்று தெறிக்கிறது என்கிறீர்கள். இவற்றுள் ஒவ்வொன்றும் வெவ்வேறு நோயைச் சுட்டக்கூடும். "நெஞ்சைக் கரிக்கிறது" என்பவருக்கு வெறும் இரைப்பை அமிலமாக இருக்கலாம். "நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தாற்போல் இருக்கிறது" என்பவருக்கு உடனே ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். கரிப்பு என்று தொடங்குவதும் சில வேளைகளில் மாரடைப்பாக முடிவதுண்டு. ஆகவே மாணவர் அச்சொல்லோடு நில்லாமல் வியர்த்ததா, இடக்கைக்கோ தாடைக்கோ பரவியதா, நடந்தால் மிகுந்ததா என்று தொடர்ந்து கேட்கப் பழக வேண்டும். "மயக்கம் வந்தது" என்ற சொல் இன்னும் சிக்கலானது. ஒருவர் தலை சுற்றியதைக் குறிக்கிறார். ஒருவர் கண் இருண்டதைக் குறிக்கிறார். மற்றொருவர் நினைவிழந்து விழுந்ததையே அவ்வாறு சொல்கிறார். முதலாமவருக்குக் காதின் உட்பகுதியிலும் மூன்றாமவருக்கு இதயத்திலும் கோளாறு இருக்கக்கூடும். பிற மாநிலங்களிலிருந்து வந்து சேரும் மாணவர்களுக்கு, படிப்பின் தொடக்கத்தில் நடைபெறும் அடித்தளப் பயிற்சியிலேயே உள்ளூர் மொழி கற்பிக்கப்படுகிறது. எனினும் சில வாரப் பாடம் எம்மட்டும் உதவும்? தடுமாறும் தமிழில் ஒரு மாணவி உங்களிடம் கேள்வி கேட்டால் நகைக்காமல் திருத்துங்கள். அவள் இன்று கற்கும் சொல் நாளை வேறொருவரைக் காப்பாற்றக்கூடும்.

புதிய பாடத்திட்டத்தில் மனப்பான்மை, அறநெறி, தகவல் பரிமாற்றம் ஆகிய மூன்றுக்கும் தனிப்பகுதி உண்டு. அதன் முதல் பாடம், மருத்துவராக இருப்பதென்றால் என்ன என்பது. இரண்டாவது, நோயாளியாக இருப்பதென்றால் என்ன என்பது. இக்கேள்வி முதலாண்டிலேயே எழுப்பப்படுவதை நாங்கள் பெரிதும் வரவேற்கிறோம். உடற்கூறியல் கூடத்தில் உள்ள உயிரற்ற உடலை முதல் ஆசிரியராகக் கருதும் பாடமும் அவ்வரிசையில் வருகிறது. உடல்தானம் செய்தோரின் குடும்பத்தினர் இதை அறிந்தால் ஆறுதல் கொள்வர் என நம்புகிறோம். சிற்றூர்க் குடும்பங்கள் சிலவற்றை மாணவர் தம் பொறுப்பில் ஏற்று, தொடர்ந்து சென்று கண்டுவரும் திட்டமும் பின்னர் சேர்க்கப்பட்டது.

இவ்வளவும் இருந்தும் ஆறு பேர் ஏன் ஒரே வயிற்றை அழுத்தினர்? ஒரு கல்லூரியில் ஆண்டுக்கு 150 பேரும், சிலவற்றில் 250 பேரும் சேர்கின்றனர். தெளிவான அறிகுறியுள்ள நோயாளி ஒருவர் வார்டில் இருந்தால் அச்செய்தி மாணவரிடையே விரைவில் பரவிவிடுகிறது. மண்ணீரல் வீக்கத்தை விரலால் உணர்ந்தறியும் வாய்ப்பு அவர்களுக்கு அரிது. கற்கும் ஆர்வம் பாராட்டத்தக்கதே; ஆனால் அதற்கு விலை கொடுப்பவர் படுக்கையில் இருப்பவர். எனவே ஒரு நோயாளியை ஒரு வேளையில் இருவருக்குமேல் தொட்டுப் பரிசோதிக்கக் கூடாதென்று இப்போது விதித்துள்ளோம். உணவு வேளையிலும் உறங்கும்போதும் மாணவர்கள் அணுகமாட்டார்கள்.

இனி, நீங்கள் அறிந்திருக்க வேண்டியவை. மாணவர் தம் பெயரையும் எந்த ஆண்டு பயில்கிறார் என்பதையும் கூற வேண்டும், கூறாவிடில் கேளுங்கள். "இன்று வேண்டாம் தம்பி" என்று நீங்கள் சொன்னால் அவர் காரணம் கேளாமல் விலக வேண்டும். அதனால் உங்கள் சிகிச்சையில் எள்ளளவும் வேறுபாடு நேராது. ஒருமுறை சம்மதித்தவர் பாதியிலேயே நிறுத்தச் சொல்லலாம். பேசுவதற்கு இசைந்து, தொடுவதற்கு மறுக்கலாம். ஊசியோ குழாயோ செலுத்த வருபவர் மாணவர் எனில், மேற்பார்வையாளர் உடனிருக்க வேண்டுமெனக் கேட்பது உங்கள் உரிமை. பெண்களை ஆண் மாணவர் பரிசோதிக்கும்போது பெண் செவிலியரோ உங்கள் உறவினரோ உடனிருப்பார். மயக்க மருந்து கொடுத்தபின் பயிற்சிக்காக உள்ளுறுப்புப் பரிசோதனை செய்வதற்கு, முன்கூட்டியே உங்கள் எழுத்துமூலமான சம்மதம் பெற்றாக வேண்டும். கைப்பேசியில் படம் எடுப்பதற்கும் இவ்விதி பொருந்தும். பேச இயலாத நோயாளியின் அருகில் இருக்கும் உறவினர்களே, அவருக்காக இவற்றைக் கேட்க வேண்டியவர்கள் நீங்கள்தாம்.

மாணவரால் உங்களுக்கும் ஒரு பயன் உண்டு. எங்களுக்கு ஐந்து நிமிடம் கிடைக்குமிடத்தில் அவருக்கு அரைமணி நேரம் கிடைக்கிறது. சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டு நாட்டு மருந்து உண்டதை எங்களிடம் சொல்லத் தயங்கியவர்கள், பேரப்பிள்ளை வயதுடைய மாணவரிடம் சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை எங்களிடம் தெரிவித்ததால் மருந்தளவை மாற்றிய நிகழ்வுகள் உண்டு.

கடிதம் எழுதிய மகளின் யோசனைப்படி, இம்மாதம் முதல் ஒவ்வொரு வார்டிலும் செவிலியர் மேசையில் ஒரு சிறு படிவம் வைக்கப்பட்டுள்ளது. மாணவர் அனுமதி கேட்டாரா, நீங்கள் சொன்னதைக் கவனித்துக் கேட்டாரா, நன்றி கூறிச் சென்றாரா என்ற மூன்று கேள்விகள் மட்டுமே அதில் உள்ளன. உங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டியதில்லை. எழுத இயலாதவர்கள் வார்டு செவிலியரிடம் வாய்மொழியாகக் கூறினால் அவர் குறித்துக்கொள்வார். படிவங்கள் வாரந்தோறும் சனிக்கிழமை துறைத் தலைவரிடம் சேர்க்கப்பட்டு, மாணவரின் பதிவேட்டில் ஒப்பமிடுமுன் படிக்கப்படும்.