பி.டி. சார் சொன்ன ஃப்ரீ சீட்

பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டால் ஒரகடம் கூட்டுரோட்டில் என்னிடம் போனை நீட்டும் அப்பாக்கள் கூடிவிடுவார்கள். ஷிஃப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கிய களைப்போடு, "அண்ணே, இந்த மெசேஜைக் கொஞ்சம் பாருங்க" என்பார்கள். ஏதோ ஒரு தனியார் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர் வாட்ஸ்அப்பில் அனுப்பியது: "தம்பிக்கு ஃபுட்பால்ல ஃப்ரீ சீட் போட்டாச்சு. ஹாஸ்டல், மெஸ் எல்லாம் ஃப்ரீ. ஒரிஜினல் எல்லாம் எடுத்துக்கிட்டு வந்துடுங்க."

நாலு வருடப் படிப்புக்கு ஆதாரம் இந்த மூன்று வரி.

ஜூலையில் அதே பி.டி. சார் வேறு கல்லூரிக்குப் போய்விடுவார். புதிதாக வந்தவர், "அவர் சொன்னதுக்கு நான் என்ன பண்ணுறது?" என்பார். அலுவலகத்தில் கேட்டால் அப்படி ஒரு சலுகை பதிவிலேயே இல்லை என்பார்கள். இரண்டாம் ஆண்டில் முழுக் கட்டணத்துக்குச் சலான் வரும். பையன்கள் சிலர் பழைய சாரின் பின்னாலேயே ஓடப் பார்ப்பார்கள். ஒரிஜினல் சான்றிதழ்களோ முதல் கல்லூரியின் பீரோவில் இருக்கும்.

பி.டி. சார் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவரும் பல இடங்களில் ஒப்பந்த வேலைக்காரர்தான். கான்ட்ராக்டர் மாறினால் பழையவர் சொன்ன போனஸ் கைக்கு வராது என்பது இருங்காட்டுக்கோட்டையிலும் வல்லத்திலும் வேலை செய்யும் எந்த அப்பாவுக்கும் தெரியும். தன் சம்பளத்தில் கற்ற பாடத்தை மகனின் சீட்டில் ஏன் மறந்துவிடுகிறார் என்பதுதான் எனக்குப் புரியாதது.

அமெரிக்காவில் பள்ளி ஆட்டக்காரர்களைக் கல்லூரிகள் வளைத்துப் பிடிப்பது பெரிய தொழில். அங்கே 1964 முதல் 2024 வரை வழக்கத்தில் இருந்த ஒப்புதல் படிவத்திலேயே, கையெழுத்து கல்லூரிக்குத்தான், பயிற்சியாளருக்கு அல்ல என்று எழுதியிருந்தது. தலைமைப் பயிற்சியாளர் போய்விட்டால் ஆட்டக்காரர் வேறு கல்லூரிக்கு மாறத் தனிக் கால அவகாசமும் உண்டு. இங்கே அந்த அவகாசம் கிடையாது. பொறியியலில் நடுவில் கல்லூரி மாற வேண்டுமானால் இரண்டு கல்லூரிகளின் தடையில்லாச் சான்று, பல்கலைக்கழகத்தின் ஒப்புதல், தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் அனுமதி என்று அலைய வேண்டும். அதற்குள் அந்த ஆண்டின் மண்டலப் போட்டிகளே முடிந்துவிடும்.

ஆகவே சேரும் முன்பே கேளுங்கள். கல்லூரியின் லெட்டர்ஹெட்டில், முதல்வரோ செயலாளரோ கையெழுத்திட்டு, முத்திரையோடு கடிதம் வேண்டும். "ஸ்போர்ட்ஸ் சீட் வழங்கப்பட்டது" என்று மொட்டையாக எழுதித் தந்தால் வாங்காதீர்கள். எந்தெந்தக் கட்டணம் தள்ளுபடி, எத்தனை ஆண்டுக்கு, விடுதியும் உணவும் அதில் சேருமா, அரியர் விழுந்தால் என்ன, முழங்கால் உடைந்து ஆட முடியாமல் போனால் என்ன, உடற்கல்வி இயக்குநர் மாறினாலோ அணியையே கலைத்துவிட்டாலோ சலுகை நீடிக்குமா என்று ஒவ்வொன்றும் அதில் இருக்க வேண்டும். பி.டி. சாரின் கையெழுத்து போதாது. அவர் வேலையை விட்ட அன்றே அந்தக் காகிதம் செத்துவிடும். கடிதம் தர மறுக்கும் கல்லூரி, கேட்காமலே உங்களுக்குப் பதில் சொல்லிவிட்டது.

இன்னொன்று. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்குப் பொறியியல் கலந்தாய்வில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. 2021 முதல் அப்படிச் சேர்பவர்களின் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே கட்டுகிறது. எந்த பி.டி. போனாலும் வந்தாலும் அந்தச் சலுகை அசையாது. ஆனால் தனியார் கல்லூரியின் "ஃப்ரீ சீட்" பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டில் போடப்படுவது. அதில் சேர்ந்தால் 7.5 சதவீதமும் போச்சு, முதல் பட்டதாரி சலுகையும் போச்சு. இதைத் தெரியாமல் கைவிட்ட குடும்பங்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறது. பள்ளித் தலைமை ஆசிரியர்கள் ஒரு நாள் பெற்றோரைக் கூட்டிச் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

அதே பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்றே 500 இடங்கள் இருக்கின்றன. அதற்கு வேண்டியது படிவச் சான்றிதழ். தேசியப் போட்டியில் மாநிலத்துக்காக ஆடியிருந்தால் படிவம் 2, மாநிலச் சங்கச் செயலாளரின் கையெழுத்தோடு. பள்ளிகளுக்கான தேசியப் போட்டி என்றால் படிவம் 4, பள்ளிக் கல்வித் துறையின் விளையாட்டு அதிகாரியின் கையெழுத்தோடு. நாளை கல்லூரியில் சேர்ந்து பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடினால் படிவம் 3, அது பல்கலைக்கழக விளையாட்டுப் பிரிவு தருவது. தமிழக அரசு வேலையில் விளையாட்டு வீரர்களுக்கு இருக்கும் 3 சதவீத ஒதுக்கீட்டுக்கும் இந்த மாதிரிக் காகிதங்களைத்தான் கேட்பார்கள். "நல்ல ஆட்டக்காரன்" என்று கோச் எழுதித் தரும் பாராட்டுக் கடிதத்தை ஃபிரேம் போட்டு மாட்டலாம், வேறு பயன் இல்லை. சான்றிதழ்கள் பள்ளி பி.டி. மாஸ்டரின் மேஜையில் கிடந்தால், அவருக்கு டிரான்ஸ்ஃபர் வருவதற்கு முன் வாங்கிவிடுங்கள். எந்தப் படிவம் என்று குழப்பமாக இருந்தால் காஞ்சிபுரத்தில் மாவட்ட விளையாட்டு அலுவலரை நேரில் பாருங்கள்.

சேர்ந்த பிறகுதான் பி.டி. போனது தெரிகிறது, விலக வேண்டும் என்றால்? புது சாரிடம் கெஞ்சி ஒரு மாதத்தை வீணாக்காதீர்கள். விலகுகிறேன் என்று முதல்வருக்கு இன்றே எழுதுங்கள். ஸ்பீடு போஸ்ட், ஒப்புகையோடு. அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள். போனில் சொன்னது கணக்கில் வராது.

கட்டிய பணத்துக்குப் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-இல் அறிவித்த கணக்கு இது: சேர்க்கையின் கடைசித் தேதிக்கு 15 நாளோ அதற்கு மேலோ இருக்கும்போது விலகினால் முழுப் பணம், அதில் 5 சதவீதம் வரை, 5,000 ரூபாய்க்கு மிகாமல் பிடித்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு, கடைசித் தேதிக்குள் என்றால் 90 சதவீதம். தேதி தாண்டி 15 நாளுக்குள் 80, முப்பது நாளுக்குள் 50, அதன்பின் பூஜ்யம். சில ஆண்டுகளில் இதைவிடத் தாராளமாகவும் அறிவிப்பு வந்ததுண்டு. 2024-25-இல் செப்டம்பர் 30 வரை முழுப் பணமும் திரும்பத் தரச் சொன்னார்கள். அதனால் உங்கள் ஆண்டின் சுற்றறிக்கையைத் தேடிப் பாருங்கள். பொறியியல் கல்லூரிகளுக்கு ஏஐசிடிஇ தனியாக விதியும் கெடுவும் வைத்திருக்கிறது.

அதே 2018 அறிவிப்பு இன்னொன்றும் சொல்கிறது. மதிப்பெண் பட்டியல், பள்ளி மாற்றுச் சான்றிதழ் உள்ளிட்ட எந்த ஒரிஜினலையும் கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது. சரிபார்த்து அங்கேயே திருப்பித் தர வேண்டும். இது தெரிந்தும், "படிப்பு முடிஞ்சதும் தருவோம்" என்று கூசாமல் சொல்லும் அலுவலகங்கள் இந்தச் சாலையில் உண்டு. மாணவரைப் பிணையாக வைப்பதற்கு அலுவலக மொழியில் "பத்திரமாக வைத்திருக்கிறோம்" என்று பெயர்.

தர மறுத்தால் முதலில் கல்லூரியின் மாணவர் குறைதீர் குழுவுக்கு எழுதுங்கள். 2023 யுஜிசி விதிப்படி அந்தக் குழு 15 வேலை நாளில் அறிக்கை தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைகேள் அதிகாரியிடம் மேல்முறையீடு. குழுவே இல்லை என்று கல்லூரி கைவிரித்தால் அதையே எழுதி யுஜிசியின் இ-சமாதான் தளத்தில் புகார் பதியுங்கள். கூடவே முதல்வரின் உதவி எண் 1100, காஞ்சிபுரம் ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை மனு, இரண்டும் இருக்கட்டும். மனு கொடுத்த ரசீதை வாங்காமல் அந்த வாசலைத் தாண்டாதீர்கள். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் 15100-க்கு அடித்தால் இலவசச் சட்ட உதவி எங்கே கிடைக்கும் என்று சொல்வார்கள்.

இத்தனையும் படித்துவிட்டு, "சார் நம்ம ஊர்க்காரர்தான், ஏமாத்த மாட்டார்" என்று ஒருவர் போன வாரமும் சொன்னார். நல்லவராகவே இருக்கட்டும், அண்ணே. கடிதத்தை வாங்கிக்கொண்டு சேருங்கள். ஒரிஜினலைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள், ஒரிஜினலைக் கையோடு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.